பதில் வராத திருத்தம்

1

இது கதையாக வேண்டிய விஷயமே இல்லை. சென்னையிலிருந்து வரும் ஒரு கம்ப்யூட்டர் மாத இதழில், அட்டவணையோடு கூடிய கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. 'மூன்று எடிட்டர்கள்: ஓர் ஒப்பீடு' என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். எடிட்டர் என்பது நிரல் எழுதுகிறவர்கள் உட்கார்ந்து எழுதும் மென்பொருள். தையல்காரருக்கு மெஷின் மாதிரி. அட்டவணையின் கடைசிக் கட்டத்துக்கு 'வளர்ச்சி திறந்த முறையிலா?' என்று தலைப்பு. அதில் ஆம் அல்லது இல்லை என்று போட வேண்டும். அந்த ஒரு சொல்லை என்னால் போட முடியாததால்தான் நீங்கள் இப்போது கதை படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும்.

இதழின் ஆசிரியர் சக்கரவர்த்தி போனில் கேட்டார்:

"சார், ஆமாவா, இல்லையா?"

"ஆமா, ஆனா..."

"ஆனாவுக்கெல்லாம் எடமில்ல சார். கட்டம் சின்னது."

"கட்டத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்களேன்."

"பக்கத்துல விளம்பரம் இருக்கு."

யாருடைய விளம்பரம் என்று கேட்டேன். சாப்பிடப் போகணும் என்று வைத்துவிட்டார். அப்போது காலை பத்தரை மணி.

2

தொடக்கம் ஒன்று: "2005ஆம் ஆண்டு ஐப்பசிப் பௌர்ணமி. மலையைச் சுற்றி முடித்த கூட்டம் ஊர் திரும்ப பஸ் கிடைக்காமல்..."

[நிறுத்திவிட்டேன். திருவண்ணாமலைக் கதை என்றால் மலையில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. நான் லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 'ரூம் இல்லீங்க' என்று சொல்வதே என் ஆன்மிகம்.]

தொடக்கம் இரண்டு: "திறந்த மூல நிரல் என்பது மானுட விடுதலையின்..."

[இந்த வரியை மெஹ்ஜபீன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். "விடுதலை எந்த பஸ்ல வருதுண்ணா?" என்று கேட்டார். அழித்துவிட்டேன்.]

தொடக்கம் மூன்று: "மெஹ்ஜபீன் விசிறியைக் கேட்டபடிதான் நிரல் எழுதுவார்."

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்தில், ராணியம்மாளின் ஜூஸ் கடைக்கு மேல் மாடியில் மெஹ்ஜபீனின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஐந்து கம்ப்யூட்டர்கள், ஒரு விசிறி. கரண்ட் போனால் தாங்கிப்பிடிக்க வேண்டிய யூபிஎஸ் என்று ஒரு பெட்டியும் உண்டு. அதன் மேல் செருப்புகளை விடுகிறோம். பகலில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு சி மொழிப் பாடம், மீதி நேரத்தில் லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள். எங்கள் லாட்ஜின் பில்லும் அவர் எழுதியதுதான். என்னிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. கம்ப்யூட்டரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்கு அது தேவைப்பட்டதும் இல்லை. ஓரத்து மெஷினில் ஓசியில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவேன்.

அந்த மாடியில் மின்சாரம் சொல்லிவிட்டுத்தான் போகும். முதலில் வோல்டேஜ் இறங்கி விசிறியின் சத்தம் தளரும். உடனே யாராவது "சேவ்!" என்று கத்துவார்கள். ஐந்து பேரின் விரல்களும் ஒரே நேரத்தில் சேவ் பட்டனில் போய் விழும். அதற்கப்புறம்தான் இருட்டு. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு மெஹ்ஜபீன் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். சி எல்லாம் அப்புறம்.

[முதல் பிரதியில் மெஹ்ஜபீனை 'அவள்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த அவரே எல்லா இடத்திலும் வெட்டி 'அவர்' என்று போட்டார். திருத்தம் ஏற்கப்பட்டது.]

3

இனி ஒப்பீடு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். வழக்கு என்று வந்தால் லாட்ஜ் சம்பளம் வக்கீலின் ஆட்டோவுக்கே போதாது.

முதல் எடிட்டர், பட்டு. விலைக்கு விற்பது. அதன் நிரலை யாரும் பார்க்க முடியாது. எதையும் மாற்றச் சொல்லவும் முடியாது. 'உள்ளே வராதே' என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமே இல்லை. போர்டு வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவன் யோக்கியன்.

இரண்டாவது, கரடி. கறுப்புத் திரை, ஆயிரம் கட்டளைகள். வெளியே வருவது எப்படி என்று தெரியாமல் நான் ஒருமுறை கம்ப்யூட்டரையே அணைத்திருக்கிறேன். உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்ப்பது. அவர்கள் சண்டையெல்லாம் பொதுவிலேயே நடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், உள்ளே புகுந்து கத்தலாம். மெஹ்ஜபீன் ஒருமுறை ஏதோ யோசனை எழுதிப் போட்டார். மறுநாளே மூன்று நாட்டுக்காரர்கள் பதில் எழுதியிருந்தார்கள். மூவருமே அந்த யோசனை மடத்தனம் என்றார்கள், காரணங்களோடு.

அன்று அவர் மாடி முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார்.

"திட்டியிருக்காங்களேம்மா, டீ எதுக்கு?"

"திட்டினாங்கண்ணா. ஆனா படிச்சிட்டுத் திட்டினாங்க."

மூன்றாவது, தும்பி. சென்னைக் கம்பெனி ஒன்று செய்தது. தமிழில் மெனு, இலவசம், நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். முகப்பில் 'வாருங்கள், சேர்ந்து கட்டுவோம்' என்று எழுதியிருக்கும். சட்டப்படி பார்த்தால் சக்கரவர்த்தியின் கட்டத்தில் ஆம் என்றுதான் போட வேண்டும்.

சேர்ந்து கட்டப் போனார் மெஹ்ஜபீன்.

4

தும்பியில் ஒரு குறை: கரண்ட் போனால் எழுதியதும் போய்விடும். நோன்பு மாதம் முழுக்க உட்கார்ந்து மெஹ்ஜபீன் அதற்கொரு திருத்தம் எழுதினார். தொழிலில் இதற்குப் பேர் பேட்ச். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் கோப்பைத் தானாகவே சேமித்துக்கொள்ளும். கரண்ட் வந்து மறுபடி திறந்தால் திரையில் ஒரு வரி வரும்: 'விசிறி நின்றிருக்கும். உங்கள் கோப்பு பத்திரம்.'

அனுப்புவதற்கு முன்னால் கம்பெனியின் தளத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொன்னார்கள். 'இந்தத் திருத்தத்தின் உரிமையை நிறுவனத்துக்கு ஒப்படைக்கிறேன்' என்று. சேர்ந்து கட்டுகிறவர்களில் ஒருத்தர் மட்டும் பட்டாவைத் தன் பேருக்கு எழுதிக்கொள்வது ஏன் என்று நான் கேட்டேன். "எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தா சரிண்ணா" என்று டிக் செய்துவிட்டார்.

'நன்றி. பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அதோடு சரி. பொங்கல் போய், சித்ரா பௌர்ணமிக் கூட்டமும் வந்து போனது. மறுபடி எழுதினார். 'எங்கள் குழு இதை விவாதித்தது' என்றார்கள். எங்கே விவாதித்தீர்கள், நான் படிக்கலாமா என்று கேட்டார். 'அது உள் குழு' என்றார்கள். காரணமாவது சொல்லுங்கள் என்றார். 'பெரும்பாலான பயனர்களிடம் யூபிஎஸ் இருக்கிறது.'

[மெஹ்ஜபீன் இந்த வரியைப் படித்து முடித்த கணத்தில் கரண்ட் போனது என்று எழுத எனக்குக் கை அரிக்கிறது. போகவில்லை. கதைக்குத் தோதாகப் போகிற மின்சாரம் எந்த ஊரிலும் கிடையாது.]

அடுத்த மாத இதழைச் சக்கரவர்த்தி அனுப்பியிருந்தார். உள்ளே முழுப்பக்க விளம்பரம்: 'தும்பி கோல்டு. இப்போது மின்தடைக் காப்புடன்!' விலை போட்டிருந்தது. இலவசத் தும்பிக்கு அந்த வசதி கிடையாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நடுவில் கோல்டின் திரையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதில் இருந்த வரி:

'விசிறி நின்றிருக்கும். உங்கள் கோப்பு பத்திரம்.'

ஏசி அறையில் யூபிஎஸ்ஸோடு உட்கார்ந்து அதை விற்கிறவர்களில் ஒருவருக்காவது அது என்ன விசிறி என்று தோன்றியிருக்குமா? எழுதியவரை உள்ளே விடவில்லை. அவர் தலைக்கு மேல் சுற்றிய விசிறியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நிரல் திறந்திருந்து என்ன பயன் ஐயா, எது நுழையலாம், எது விலைக்குப் போகலாம் என்று முடிவெடுக்கிற அறை பூட்டியிருந்தால்? பட்டுக்காரனாவது போர்டு வைத்தான்! இவர்கள் 'வாருங்கள்' என்று கோலம் போட்டுவிட்டு உள்ளே தாழ்ப்பாள்...

[ஆவேசம் ஜாஸ்தி ஆகிவிட்டது. மிச்சத்தை அழித்துவிட்டேன். மொத்தம் ஒன்றரைப் பக்கம். இரண்டு கெட்ட வார்த்தைகள்.]

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். தும்பியின் ஒருங்கிணைப்பாளர் இளவரசன் என்று ஒருவர். 'பரிசீலனையில் உள்ளது' என்பதன் கீழே இருந்தது அவர் பெயர்தான். அவருக்குத் தங்க ஃபிரேம் கண்ணாடி, வழுக்கை, சுழல் நாற்காலி எல்லாம் கொடுத்து ஒரு பத்தி எழுதிவிட்டேன். பிறகு நேர்மைக்காக ஒரு போன் போட்டேன். அந்த போனைப் போட்டிருக்கக் கூடாது.

"சார், நான் அந்த உள் குழுவுல படிக்கலாம், அவ்ளோதான். எழுதறதுக்கு எனக்கே அனுமதி இல்ல" என்றார் இளவரசன். "நான் குடுத்த திருத்தம் ஒண்ணே ரெண்டு வருஷமா பரிசீலனையில இருக்கு."

"நீங்கதானே பரிசீலனைன்னு பதில் போடறது?"

"ஆமா சார். எனக்கும் நான்தான் போட்டுக்கிட்டேன்."

பின்னால் குழந்தை ஒன்று அழுதது. குக்கர் கூவியது.

"விசிறின்னு வருதே, அந்த வரி யாருக்கும் புரியல சார். தூக்கச் சொன்னாங்க. நல்லாருந்துச்சு, அதான் மறந்துபோன மாதிரி விட்டுட்டேன். மேடத்துகிட்ட சொல்லுங்க."

வில்லன் போய்விட்டான். சுழல் நாற்காலியைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறேன். இனி என் கோபத்தை உட்கார வைக்க இடமில்லை. அது நின்றுகொண்டே வரட்டும்.

6

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்: ஏமாற்றப்பட்டார், எழுந்தார், வென்றார். ஏனென்றால் மெஹ்ஜபீன் அழவில்லை. இலவசத் தும்பியின் நிரலை எடுத்து, தன் திருத்தத்தைச் சேர்த்து, 'தட்டான்' என்று பெயர் வைத்துத் தனி எடிட்டராகவே வெளியிட்டுவிட்டார். ஒப்படைத்த உரிமை என்னாவது என்று ஒரு வக்கீலைக் கேட்டோம். "யாரும் கேக்காத வரைக்கும் ஒண்ணுமில்ல" என்றார். பீஸ் வாங்கிக்கொண்டார்.

இணையத்தில் போட்டதோடு, சிடியில் பதித்து மாணவர்களிடமும் கொடுத்து அனுப்பினார். ஆரணி, போளூர், கீழ்பென்னாத்தூர் என்று எங்கெல்லாம் கரண்ட் போகுமோ அங்கெல்லாம் தட்டான் போனது. முகப்பில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'யார் திருத்தம் அனுப்பினாலும் ஒரு வாரத்துக்குள் பதில் உண்டு.'

அந்த வரியை நான் லாட்ஜில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். ரூம் கேட்டு வந்தவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். வேறு லாட்ஜிலும் ரூம் இல்லை.

பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிமொழி என்பவரின் மின்னஞ்சல் வந்தது. பாலிடெக்னிக்கில் ஆசிரியை.

'மேடம், தட்டானில் ஒரு கோளாறு. அது எழுத்துக்கு எழுத்து தானாகச் சேமிக்கிறது. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் விசிறி தளர்ந்ததுமே கையாலும் சேவ் அடிப்பார்கள். தட்டானும் ஆளும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதும்போது கரண்ட் போகிறது. கோப்பு பாதி வெள்ளையாகிவிடுகிறது. யூபிஎஸ் உள்ள ஊரில் இது யாருக்கும் வராது. என் மாணவர்கள் இருவருக்கு வந்துவிட்டது. நான் மாற்றி எழுதியிருக்கிறேன். பழைய கோப்பைத் தொடாமல், பக்கத்தில் புதிதாக எழுதி, முழுதும் முடிந்த பிறகு அதை இதன் இடத்தில் வைக்கிறது. உங்கள் முறைக்கு இனி வேலை இல்லை என்பதால் அந்தப் பகுதியை முழுதாக நீக்கியிருக்கிறேன். சேர்த்துக்கொள்ளுங்கள்.'

7

[இந்தப் பகுதியை நீக்கச் சொல்லி மெஹ்ஜபீன் திருத்தம் அனுப்பியிருக்கிறார்.]

மெஹ்ஜபீன் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார். தட்டானைத் திறந்து பத்து வரி அடித்தார். "அண்ணா, மெயின் சுவிட்ச் கிட்ட நில்லுங்க" என்றார். பிறகு "சேவ்!" என்று அவரே கத்திவிட்டு, சேவ் அடித்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மெயினை இறக்கினேன்.

கீழே ஜூஸ் கடை மிக்ஸி ஓய்ந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஒரே மெயின்.

"எவண்டா அவன் மேல?" ராணியம்மாள்.

ஏற்றினேன். கோப்பு முழுசாக இருந்தது. மறுபடி. இறக்கினேன்.

"யம்மா மெஹ்ஜபீனு! மாதுளம்பழம் பாதியில நிக்குது, வெள்ளக்காரி ஒருத்தி கிளாஸ நீட்டிக்கினு நிக்கறா! நீ வந்து கையால அரைச்சிக் குடுக்கறியா?"

ஏற்றினேன். கோப்பைத் திறந்தார். நான்கு வரி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மேலே, 'விசிறி நின்றிருக்கும். உங்கள் கோப்பு பத்திரம்' என்று மட்டும் தெளிவாக வந்தது.

"இன்னொரு வாட்டி" என்றார்.

"வேணாம்மா. அந்தம்மா மேல வந்துடும்."

வெறும் தட்டான் மட்டும் என்றால் கோப்பு பிழைத்திருக்கும். வெறும் சேவ் மட்டும் என்றாலும் பிழைத்திருக்கும். அவர் எழுதிய காப்பும், முதல் நாளிலேயே மாணவர்களின் விரலில் அவர் ஏற்றிவிட்ட பழக்கமும் சேர்ந்துதான் கோப்பைத் தின்றன.

8

மணிமொழிக்குப் பதில் போகவில்லை.

ஒரு வாரம் ஆனது. நான் கேட்கவில்லை. இன்னொரு வாரம் ஆனது. கேட்டேன்.

"பதில் போட்டாச்சாம்மா?"

"பாத்துனு இருக்கேண்ணா."

"என்னத்த? மெயினை எறக்கிப் பாத்தாச்சு, ராணியம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கினாச்சு."

"என்னுத மொத்தமா எடுத்துட்டாங்கண்ணா. ஒரு வரிகூட வெக்கல."

"அவங்க எழுதனது சரியாதானே இருக்கு?"

"சரியாதான் இருக்கு. தப்பா இருந்தா அன்னிக்கே பதில் போட்டிருப்பேன்."

சண்டை அதோடு முடிந்திருக்கும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "அப்ப பரிசீலனையில் உள்ளதுன்னு சொல்லு" என்றேன்.

மெஹ்ஜபீன் நாற்காலியோடு திரும்பினார். மாணவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அத மட்டும் நீங்க சொல்லாதீங்கண்ணா. ஒரு கம்பெனி எடுத்துக்கிச்சு. சரி, போவட்டும்னு மறுபடி எழுதி வெச்சேன். இப்ப அதையும் எடுக்கச் சொல்றாங்க. தட்டான்ல என்னுதுன்னு அது ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் தும்பிதான். அத எடுத்துட்டா நான் யாரு? சிடி போட்டுக் குடுத்தவளா?"

"ஆனா அந்தப் பசங்க..."

"தெரியும்ணா! எனக்குத் தெரியாதா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க மட்டும் என்ன? ஏழாம் பகுதிய எடுங்கன்னு திருத்தம் அனுப்பினேனே, என்னாச்சு?"

பரிசீலிக்கிறேன் என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடிக்குறிப்பு: என் தரப்பில் ஒரு வாதம் உண்டு. ஏழாம் பகுதி இல்லாவிட்டால் கதை நிற்காது. தும்பிக்காரர்களிடமும் இப்படி ஒரு வாதம் இருந்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு எப்போதும் ஒரு வாதம் இருக்கிறது. நேற்று வரைக்கும் அது எனக்குத் தெரியாது. வெளியே நின்று கத்துவது எவ்வளவு சுகமாக இருந்தது!

இன்று காலை மணிமொழி மறுபடி எழுதியிருக்கிறார். இந்த முறை நான்கே வரி. 'போன வாரமும் ஒரு பையன் புராஜெக்ட் போய்விட்டது. வேண்டாமென்றால் வேண்டாம் என்றாவது சொல்லுங்கள் மேடம். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் வேறு வழி பார்த்துக்கொள்வேன்.'

9

முடிவு அ: கம்பெனி மனம் மாறுகிறது. இலவசத் தும்பியிலேயே மின்தடைக் காப்பைச் சேர்த்து, மெஹ்ஜபீனைச் சென்னைக்கு அழைத்து மேடையில் சால்வை...

[இதைப் படித்துவிட்டு மெஹ்ஜபீன், "சால்வை கம்மியா இருக்குண்ணா, ஒரு கேடயமும் போடுங்க" என்றார்.]

முடிவு ஆ: மெஹ்ஜபீன் அன்றைக்கே மணிமொழியின் திருத்தத்தைச் சேர்க்கிறார். மணிமொழி அடுத்த பஸ்ஸில் வருகிறார். இருவரும் ராணியம்மாள் கடையில் மாதுளை ஜூஸ் குடிக்கிறார்கள். விசிறி சுற்றுகிறது.

[எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நம்பவில்லை.]

முடிவு இ: பதில் போகவே இல்லை. மணிமொழி தட்டானை எடுத்து, தன் திருத்தத்தைச் சேர்த்து, தனியாக ஒன்று வெளியிடுகிறார். அதற்கு ஆரணியிலிருந்து ஒருவர் திருத்தம் அனுப்புகிறார். மணிமொழி பதில் போடுவதில்லை. ஆரணிக்காரர் தனியாக ஒன்று... கடைசியில் ஆளுக்கொரு எடிட்டர். ஒவ்வொன்றின் முகப்பிலும் 'வாருங்கள்'.

[மெஹ்ஜபீன் இதைப் படித்தார். பென்சிலை எடுத்தார். எதையாவது வெட்டுவார் என்று பார்த்தேன். வெட்டாமல் வைத்துவிட்டார்.]

10

ஏழாம் பகுதியை நான் நீக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் ஏன் நீக்கவில்லை என்று அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடத்தனமான பக்கம். படித்தார். "இதுல ரெண்டாவது காரணம் சும்மா சப்பக்கட்டு" என்றார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம்தான் தன் நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ரொம்ப நேரம் தட்டினார், அழித்தார், தட்டினார். பிறகு எழுந்து, "தொண்ட காயுதுண்ணா, இதோ வந்துடறேன்" என்று கீழே போயிருக்கிறார். திரையை மூடாமல் போயிருக்கிறார். மறந்து போனாரா, வேண்டுமென்றே போனாரா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வெறும் ஆசிரியன்.

எட்டிப் பார்க்கிறேன். இரண்டு சொற்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே கர்சர் துடிக்கிறது. எனக்கு மணிமொழியைத் தெரியாது; மெஹ்ஜபீனை அளவுக்கு மீறித் தெரியும். எந்தப் பக்கம் எழுதினாலும் இன்னொரு பக்கத்துக்குத் துரோகம் செய்ததாகிவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதுவரைக்கும் என்னோடு சேர்ந்து கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தீர்கள் அல்லவா? இப்போது உள்ளே வாருங்கள், நாற்காலி காலியாக இருக்கிறது. சேர்த்தாலும் சரி, மறுத்தாலும் சரி, திட்டினாலும் சரி. ஆனால் படித்துவிட்டு எழுதுங்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. சீக்கிரம்.

மணிமொழி அவர்களுக்கு,

[                                        ]